துடக்கில்லை என்பதற்கு ஒரு கடுதாசி

ஸ்டுட்கார்ட் நகருக்கு வெளியே, பழைய டயர்க் கடை ஒன்றில் எழுந்தருளியிருந்த அம்மனுக்குக் கமலநாயகியின் கையால் பொங்கினால்தான் தொண்டைக்குள் இறங்கும் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே கமலநாயகிதான் என்று இன்னொரு பேச்சும் இருந்தது. இரண்டாவது பேச்சைக் கிளப்பிவிட்டவர்கள்கூட முதற்பந்தியில் இடம்பிடித்து, வாழையிலைப் படம் போட்ட காகிதத் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள்.

கமலநாயகிக்கு வயது ஐம்பத்தொன்று. எண்பத்தைந்தில் கணவர் பரராசசிங்கத்தோடு கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியவள். பன்னிரண்டு வருடமாகக் கார்த் தொழிற்சாலை ஒன்றின் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டுக் கழுவுகிறாள். ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு தட்டு. ஒரே ஒரு தடவை, சூப்பில் உப்புக் காணாது என்று கைச்சாடையால் சொன்னாள். தலைமைச் சமையற்காரர் சுவரிலிருந்த கடிகாரம் வாய் திறந்து பேசியதைப்போல அவளைப் பார்த்தார். அதன்பிறகு அவள் அந்தச் சூப்பைப் பற்றி அபிப்பிராயம் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டாள்.

கோயில் மடைப்பள்ளியில் கதை வேறு. சாமிக்குப் படைப்பதை முன்னுக்கு ருசி பார்க்கக்கூடாது. நூற்றைம்பது பேருக்கான பொங்கலில் நாக்கில் வைக்காமலே உப்பும் சர்க்கரையும் அளவாய்ப் போடும் கை ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில் அவளிடம் மட்டும்தான் இருந்தது. அங்கே அவள் இடுப்பில் மடைப்பள்ளிச் சாவி தொங்கியது. முப்பது பேர் "அக்கா, அக்கா" என்று பின்னால் நின்றார்கள்.

ஊரில் மடைப்பள்ளி ஐயர்மாரின் வேலை. இங்கே இருந்தது ஒரே ஒரு ஐயர், அவரும் பகலில் பார்சல் கொம்பனியில் பெட்டி அடுக்கினார். ஆகவே நிர்வாகசபை கூடி ஒரு தீர்மானம் எழுதியது: திருவிழாவின் பன்னிரண்டு நாளும் சமைக்கும் பொறுப்பு, மாதவிலக்கு முற்றாக நின்ற பெண்களில் தகுதியான ஒருவருக்கு. எழுதியவர்கள் ஏழு பேரும் ஆண்கள். ஆகவே எவருக்கும் சந்தேகம் எழவில்லை.

இந்தத் தகுதிக்காகக் கமலநாயகி காத்திருந்த மாதிரி ஜெர்மன்காரர் விசாவுக்காகக்கூட ஒருவரைக் காக்கவைத்ததில்லை. மற்றப் பெண்கள் பெருமூச்சுவிடும் அந்த விசயம் தொண்ணூற்றைந்தில் அவளுக்கு நின்றபோது, வீட்டில் சர்க்கரைப் பொங்கல் பொங்கினாள். பரராசசிங்கம் இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, "இண்டைக்கு என்ன விசேசம்?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை, சும்மா" என்றாள். முப்பது வருடக் குடும்பத்தில் பாதிப் பேச்சு இப்படித்தான் நடந்தது.

தொண்ணூற்றாறு நவம்பரில், நின்றது திரும்பி வந்தது.

வேறொருத்தியாக இருந்தால் பயந்திருப்பாள். கமலநாயகியும் பயந்தாள்தான், ஆனால் சாவியை நினைத்து. வரிசையில் அடுத்து நின்றவள் சந்திரகாந்தி. வயது நாற்பத்தொன்பது. தனக்கும் நின்று ஒரு வருடமாகிவிட்டது என்று, கேட்காத ஆட்களுக்கும் சொல்லிக்கொண்டு, மூன்று வருடமாக மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய பார்வை எப்போதும் மரக்கறியில் இருந்ததில்லை. சாவியில்தான் இருந்தது.

ஆகவே கமலநாயகி வாயைத் திறக்கவில்லை. இரத்தம் காணும் நாட்களில் முதுகு நோவு என்று சொல்லி மடைப்பள்ளிப் பக்கம் போகாமல் இருந்தாள். பொய் சொன்னாலும் பாவம் செய்யமாட்டாள், அந்த அளவுக்குப் பக்தி. ஆனால் முதுகு நோவு மாதத்தில் மூன்று நாளிலிருந்து ஐந்தாகி, ஐந்து பத்தாகியது. தை மாதம் வேலைத்தலத்தில் தட்டுகளோடு சேர்ந்து அவளும் விழப் பார்த்தாள். அதன்பிறகுதான் கணவரிடம் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, நிண்டது திரும்பவும் போகுது. ரண்டு மாசமா."

அந்தக் காலத்தில் டொக்டரிடம் மனைவிக்கு மொழிபெயர்க்கப் போவது கணவனின் உரிமை. தன் ஜெர்மனே அரைகுறையாக இருந்தாலும் அதே நிலைதான். பரராசசிங்கம் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். குடும்ப வைத்தியர் ஆண், நரைத்த தலை, நல்ல மனிதர். என்ன பிரச்சினை என்று கேட்டார்.

"என் மனைவிக்கு வயிற்றில் கொஞ்சம் சரியில்லை" என்றார் பரராசசிங்கம்.

வைத்தியர் சமிபாடா என்று கேட்டார். பரராசசிங்கம் ஓம் என்றார். காரமான சாப்பாடா என்று கேட்டார். அதற்கும் ஓம் என்றார். பெருஞ்சீரகத் தேநீர் குடிக்கச் சொல்லி, மிளகாயைக் குறைக்கச் சொல்லி, வைத்தியர் கைகொடுத்து அனுப்பினார். இரத்தம் என்ற சொல் அந்த அறைக்குள் வரவேயில்லை.

வெளியே வந்ததும் கமலநாயகி நடுத்தெருவில் நின்றாள்.

"ஏன் வடிவாச் சொல்லேல்லை?"

"அந்த மனுசனுக்கு முன்னாலை நான் உதை எப்பிடியப்பா சொல்லுறது?"

"வருத்தம் எனக்கெல்லே!"

"வெக்கம் எனக்கெல்லே!"

மூன்று மாதம் அவள் பெருஞ்சீரகத் தேநீர் குடித்தாள். சமிபாடு பிரமாதமாக இருந்தது.

இந்த இடத்தில்தான் விஞ்ஞானம் உள்ளே வருகிறது. கோயில் நிர்வாகசபைச் செயலாளர் தவராசா ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவர். இங்கே களஞ்சியசாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பாரங்களைத் தூக்கி உயரத்தில் வைப்பது இரண்டு தொழிலுக்கும் பொது என்பதால் அவருக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. மாதாமாதம் கோயில் செய்திமடலையும் அவரே எழுதி, அவரே திருத்தி, அவரே பாராட்டினார். சித்திரை இதழின் முன்பக்கக் கட்டுரைக்கு இப்படித் தலைப்பிட்டார்: 'தமிழ்ப் பெண்ணை அண்டாத புற்று!'

மருந்துக்கடையில் இனாமாகக் கிடைக்கும் சஞ்சிகையில் வந்த ஒரு துண்டுச் செய்திதான் ஆதாரம். கருப்பைப் புற்றுநோய் எல்லா இனப் பெண்களுக்கும் ஒரே விகிதத்தில் வருவதில்லையாம். ஒரு ஜெர்மன் ஆய்வில் தெற்காசியப் பெண்களிடம் அது காணப்படவேயில்லையாம். காரணம் சஞ்சிகையில் இல்லை. அதனாலென்ன, தவராசா கொடுத்தார்: மஞ்சள், பெருங்காயம், கற்பு. இதே ஒழுங்கில்.

சஞ்சிகையில் அடியில் சின்ன எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. ஆய்வுக்குட்பட்ட நாலாயிரத்து இருநூறு பெண்களில் தெற்காசியர் பதினொரு பேர். அவர்களில் ஒன்பது பேர் டிரெஸ்டனில் படிக்க வந்த இந்திய மாணவிகள், சராசரி வயது இருபத்துநான்கு. தவராசா மூக்குக்கண்ணாடி போடாமல் வாசிக்கும் பழக்கமுள்ளவர். இன்னும் தெளிவாகச் சொன்னால், சின்ன எழுத்து அவருடைய இனத்தைச் சேர்ந்ததல்ல.

கட்டுரையைக் கோயிலில் எல்லாரும் வாசித்தார்கள். ஆண்கள் பெருமைப்பட்டார்கள். பெண்கள் ஆண்டுக்கொருமுறை இலவசமாகச் சோதிக்க வரும்படி காப்புறுதிக்காரர் அனுப்பிய கடிதங்களை நிம்மதியாகக் குப்பையில் போட்டார்கள். கமலநாயகி மட்டும் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தாள். அவள் கணக்கு நேரானது: தமிழ்ப் பெண்ணுக்குப் புற்று வராது. அப்படியானால் தனக்கு வந்திருப்பது வருத்தம் இல்லை. நோய் இல்லையென்றால் இது துடக்கு, மாதத் தீட்டு. துடக்கென்றால் சாவி போச்சு.

தனக்கு ஏதாவது பெரிய வருத்தமாக இருக்கவேண்டும் என்று நேர்த்திக்கடன் வைத்த பெண் அந்த அம்மனுக்கு அவள்தான் முதலாவதாக இருந்திருப்பாள்.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் ஐயரைத் தனியாகப் பிடித்தாள்.

"ஐயா, ஒரு ஆள் கேட்டவ. புண்ணிலையிருந்து வாற ரத்தம் துடக்கோ?"

"புண் எங்கை, அம்மா?"

"உள்ளுக்கை."

ஐயர் கெட்டிக்காரர். ஒரு நாளைக்கு ஐந்நூறு பார்சல் பார்ப்பவருக்கு எதற்குள் என்ன இருக்குமென்று ஒரு மதிப்பு இருக்கும்.

"வருத்தத்தாலை வாறது துடக்கில்லை அம்மா. ஆனா சபைக்காரர் என்ரை வாய்ச்சொல்லைக் கேக்கமாட்டினம். டொக்டரிட்டை ஒரு கடுதாசி எடுத்தால் நல்லது. அந்த ஆளை எடுக்கச் சொல்லுங்கோ."

கடுதாசி! ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்தவளுக்கு இதை ஐயர் சொல்லவா வேண்டும்? பிறந்ததற்கும் பிறக்காததற்கும் கடுதாசி கேட்கும் தேசம். கணவரைக் கூட்டிக்கொண்டு போனால் மறுபடியும் சமிபாட்டுக்குத்தான் கடுதாசி கிடைக்கும். ஆகவே தொழிற்சாலையில் தன்னோடு தட்டுக் கழுவும் பேர்பெச்சுவாவிடம் சொன்னாள். மன்னார்க் கத்தோலிக்கப் பெண்ணான பேர்பெச்சுவாவுக்கு வயது நாற்பது. ஜெர்மனில் சண்டையே பிடிப்பாள்.

"ஏழு மாசமா?" பேர்பெச்சுவா கையிலிருந்த தட்டைத் தண்ணீருக்குள் போட்டாள். "கமலாக்கா, உங்களுக்கு என்ன விசரா? முதலே சொல்லியிருக்கலாமே!"

"சத்தம் போடாதை பிள்ளை. எனக்குக் கடுதாசி மட்டும் எடுத்துத் தா."

"உங்கடை அம்மனும் பொம்பிளைதானே? அவவுக்கு இதெல்லாம் தெரியாதே?"

"அவவுக்குத் தெரியும். கொமிட்டிக்குத்தான் தெரியாது."

பெண்நோய் டொக்டரும் ஒரு பெண். ஒல்லி, குட்டைத் தலைமயிர். என்ன பிரச்சினை என்று கேட்டதும், கமலநாயகி ஒரு கிழமை பாடமாக்கிய ஜெர்மனைப் பேர்பெச்சுவாவை முந்திக்கொண்டு ஒப்பித்தாள்: "எனக்குக் கடுதாசி வேண்டும். மாதவிலக்கு இல்லை. வருத்தம். தயவுசெய்து முத்திரையோடு."

"எந்த அலுவலகத்துக்கு?" என்றார் டொக்டர், வெளிநாட்டவர் பகுதிக்காரர் இப்போது இதையும் கேட்கத் தொடங்கிவிட்டார்களாக்கும் என்ற முகத்தோடு.

"கோயிலுக்கு" என்றாள் பேர்பெச்சுவா. "இவ சமைக்கவேணும்."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எவ்வளவு காலமாக என்று கேட்டார். பேர்பெச்சுவா சொன்னாள். டொக்டர் எழுந்து, கையைக் கழுவி, முதலில் படுங்கள் என்றார். சோதித்தார். படம் எடுத்தார். ஒரு கிழமை கழித்து, மயக்கிவிட்டுச் சுரண்டி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். ஆனி மாதக் கடைசியில் மறுபடி கூப்பிட்டார்.

"கருப்பையின் உட்சுவரில் புற்று" என்றார். அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, பேர்பெச்சுவா நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். "ஆரம்பநிலை போலத் தெரிகிறது. கருப்பையை எடுத்துவிட்டால் நல்ல வாய்ப்பு இருக்கிறது."

"தமிழ்ப் பொம்பிளையளுக்கு உது வராதெண்டு பேப்பரிலை போட்டவை" என்றாள் கமலநாயகி. பேர்பெச்சுவா அதை அப்படியே மாற்றிச் சொன்னாள்.

டொக்டர் தன் மேசையிலிருந்த தடித்த புத்தகத்தைப் பார்த்தார். "உங்கள் பெண்களுக்கு இது குறைவு என்று இதிலும் இருக்கிறது. உண்மையாகவும் இருக்கலாம். உடல்வாகு, பிள்ளைகள், சாப்பாடு என்று பல காரணம் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளைப்பேற்றுக்கு அல்லாமல் என்னிடம் வந்த முதல் தமிழ்ப் பெண் நீங்கள்தான். வராதவர்களை நான் எப்படி எண்ணுவது?"

கமலநாயகி தன் கேள்விக்கு வந்தாள்.

"அப்ப, இது துடக்கில்லை?"

பேர்பெச்சுவாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "கமலாக்கா, உங்களுக்குக் கான்சராம்!"

"விளங்கினது. கடுதாசியைக் கேள்."

கடுதாசி கிடைத்தது. முத்திரையும் இருந்தது. திரும்பி வரும்போது ரயில் நிலையத்தில், ரிக்கற்றில் முத்திரை அடிக்கும் பெட்டியின் வாய்க்குள் அதை வைக்க அவளால் முடியவில்லை. மூன்று தரம் முயன்றாள். ஒவ்வொரு தரமும் ரிக்கற் விளிம்பில் முட்டி மடிந்தது. பேர்பெச்சுவா ரிக்கற்றை வாங்கி அடித்துக்கொடுத்தாள்.

சத்திரசிகிச்சைக்குக் கிடைத்த நாள், திருவிழாத் தொடங்கி மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. கமலநாயகி இரண்டு கிழமை தள்ளிப்போடக் கேட்டாள். "ஏழு மாதம் ஏற்கனவே தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். இனி ஒரு நாளும் தள்ளமாட்டேன்" என்றார் டொக்டர். வீட்டில் பரராசசிங்கம் கடுதாசியை மூன்று தரம் வாசித்தார். பிறகு குளியலறைக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டுக் கனநேரம் நின்றார். வெளியே வந்து, "செவ்வாய்க்கிழமை போவம்" என்றார்.

"திருவிழா முடியட்டும்" என்றாள் அவள். "பன்னிரண்டு நாளிலை ஒண்டும் வளராது."

"உமக்கு ஆர் சொன்னது?"

"உங்களுக்கு ஆர் சொன்னது, எனக்குச் சமிபாடு எண்டு?"

பரராசசிங்கம் கடுதாசியை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். ஆகவே அவள் எண்ணம் உறுதியாகவே இருந்தது. திருவிழாவுக்கு முந்தின புதன்கிழமை நிர்வாகசபைக் கூட்டத்தில் கடுதாசியைக் கொடுப்பது, சாவியை வைத்துக்கொள்வது, பன்னிரண்டு நாளும் சமைப்பது, அதன்பிறகு வயிற்றைப் பார்ப்பது.

கூட்டம் டயர்க் கடையின் பின்னறையில் நடந்தது. பெண்களுக்கு உள்ளே இடமில்லை. கமலநாயகி செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். கதவு சரியாகச் சாத்தாது என்பதால் எல்லாம் கேட்டது. நிகழ்ச்சிநிரலில் முதலாவது கார் நிறுத்துமிடம். இரண்டாவது, ஒலிபெருக்கி பற்றி அயலவர் கொடுத்த முறைப்பாடு. மூன்றாவது கமலநாயகியின் கருப்பை.

ஐயர் தன் கட்சியைச் சொன்னார்: வருத்தத்து இரத்தம் துடக்கில்லை. தலைவர் இராசலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"சரி ஐயா. ஆனா வாற இடம் அதே இடந்தானே?"

அறையில் ஆழ்ந்த சிந்தனை நிலவியது. ஒருவர், இரத்தத்தின் நிறத்தைப் பற்றி டொக்டர் ஏதும் எழுதியிருக்கிறாரா என்று கேட்டார். இன்னொருவர், ஊரில் இப்படி ஒரு பிரச்சினை வந்ததேயில்லை என்றார். ஊரில் இப்படிச் செத்துப்போன பெண்களுக்கு வயிற்றில் கட்டி என்று மட்டும் சொல்லி எரித்தது அவருக்கு ஞாபகம் இல்லை.

தவராசாவின் பாடுதான் பரிதாபம். கடுதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். "எனக்கு இது பிழையான ரிப்போட் போலை கிடக்கு. எங்கடை பொம்பிளையளுக்கு உது வாறேல்லை எண்டு ஆராய்ச்சியே இருக்கு. ஜெர்மன்காரியின்ரை ரிப்போட் மாறி வந்திருக்கும்."

கடைசியில் சமரசம் ஒன்று கண்டார்கள். கமலநாயகி சமைக்கலாம். ஆனால் திருவிழாவின் பன்னிரண்டு நாளும் இரத்தம் போகாது என்று டொக்டர் முன்கூட்டியே இன்னொரு கடுதாசி தரவேண்டும். அது முடியாவிட்டால் சந்திரகாந்தி. கை உயர்த்தச் சொன்னார் இராசலிங்கம்.

கதவு இடுக்கால் கமலநாயகி அந்த ஏழு கைகளையும் பார்த்தாள். அதில் ஐந்து கை ஒழுங்காகச் சோறு வடிக்கவே தெரியாதவை. இந்தக் கைகளுக்குப் பயந்துதான் செவ்வாய்க்கிழமையை விடப் பார்த்தோம் என்று அவளுக்கு அந்த இடத்தில் உறைத்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"அக்கா, கூட்டம் நடக்குது" என்றார் தவராசா.

"தெரியும் தம்பி. என்ரை வயித்துக்குள்ளைதானே நடக்குது." இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றி மேசையில், தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். "உங்கடை ஆராய்ச்சியிலை தமிழ்ப் பொம்பிளையளுக்கு வராதெண்டால், அப்ப நான் ஆர்?"

"நீங்கள்... அது வந்து... விதிவிலக்கு."

"விதியைக் கண்டுபிடிக்க எத்தினை பேரைச் சோதிச்சவை?"

தவராசாவுக்குச் சின்ன எழுத்து ஞாபகம் வந்ததோ என்னவோ, ஒலிபெருக்கிக் கடிதத்தை எடுத்து மடித்தார்.

"வாற செவ்வாய்க்கிழமை என்ரை கர்ப்பப்பையை எடுக்கினம்" என்றாள் கமலநாயகி. அந்த அறையில் அந்தச் சொல் உரத்துச் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பேர் நிலத்தைப் பார்த்தார்கள். "இந்தமுறை சந்திரகாந்தி சமைக்கட்டும். அடுத்தமுறை எனக்குத் துடக்கு எண்டு ஒண்டு வர இடமே இராது. உங்கடை சட்டப்படி பாத்தால் ஸ்டுட்கார்ட்டிலேயே என்னைப்போலச் சுத்தமான பொம்பிளை கிடையாது. அதை இப்பவே கூட்ட மினிற்சிலை எழுதுங்கோ தம்பி, பிறகு கடுதாசி கேக்கக்கூடாது."

தவராசா எழுதினார். எழுதாமல் விட அவருக்குத் துணிவு வரவில்லை. ஐயர் மட்டும் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். அது இருமல்தான் என்று பிற்பாடு சத்தியம் செய்தார்.

செவ்வாய்க்கிழமை சத்திரசிகிச்சை நடந்தது. ஆறாம் நாள் முடிவு வந்தது: புற்று கருப்பையைத் தாண்டவில்லை. மூன்று மாதத்துக்கொருமுறை வந்து காட்டவேண்டும். மாலையில் புதிய தாதி ஒருத்தி வந்து, இந்த அம்மாவுக்கு என்ன சிகிச்சை என்று பரராசசிங்கத்திடம் கேட்டாள். அறையில் வேறு இரண்டு நோயாளிகளும் அவர்களைப் பார்க்க வந்த ஆண்களும் இருந்தார்கள். பரராசசிங்கம் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். காது இரண்டும் மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவந்தன. பிறகு, "கருப்பை" என்று ஜெர்மனில், தேவைக்கு மேலான சத்தத்தில் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரி திடுக்கிட்டு விழித்தாள்.

திருவிழா முடிந்த மறுநாள் சந்திரகாந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் ரசம், முகத்தில் தூக்கமில்லாக் களை. சாவி கிடைத்த ஒருத்திக்குரிய மிதப்பு எதையும் காணவில்லை. கமலநாயகி ரசத்தை ஒரு வாய் குடித்தாள்.

"உப்புக் கூட."

"ஓம் அக்கா. பன்னிரண்டு நாளும் எல்லாரும் சொன்னவை."

"பொங்கல்?"

"அதுவும்."

கமலநாயகிக்கு உடம்பு சட்டென்று பாதி சுகமானது. சந்திரகாந்தி கதவைப் பார்த்தாள், பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள், தமிழ் தெரிந்தவர்கள் இல்லையென்று உறுதிப்படுத்திக்கொண்டு கதிரையைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப்போட்டாள்.

"அக்கா, உந்த டொக்டரம்மா... ஆம்பிளை ஒருத்தரும் இல்லாத இடந்தானே?"

"ஓம். ஏன்?"

"சும்மா கேட்டனான்."

கமலநாயகி ரசக் கோப்பையைக் கீழே வைத்தாள். சும்மா என்ற சொல்லைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

"உனக்கு எத்தினை மாசம்?"

சந்திரகாந்தி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"எட்டு."

"எட்டு மாசமா உதை வைச்சுக்கொண்டு பன்னிரண்டு நாளும் பொங்கினனியோ?"

"பொங்கின நாளிலை வரேல்லை அக்கா, அம்மனாணை. மற்ற நாளிலைதான். நீங்களும் போட்டியள், நானும் இல்லையெண்டால் ஆர் சமைக்கிறது? தவராசா அண்ணையோ?"

கமலநாயகி தையல் இழுக்கும் என்பதையும் மறந்து சிரித்துவிட்டு, வலியில் பல்லைக் கடித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அந்த ரெலிபோனை இஞ்சாலை தள்ளு. உன்ரை காப்புறுதிக் காட்டை எடு. எடடி! மனுசனைக் கூட்டிக்கொண்டு போகாதை, உனக்கும் தேத்தண்ணிதான் கிடைக்கும். பேர்பெச்சுவா வருவாள்."